உமரி வேரடி மண்: 11 வாரக் கணக்கு

உப்பு மண்ணில் செடியின் வேருக்கு உதவும் நுண்ணுயிர்களை வீட்டிலேயே தேடிப் பார்க்கும் ஆசையைக் கிளப்பியது ஆரல் கடல், மத்திய ஆசியாவின் உப்பு ஏரி. பருத்திக்காக 1960-களில் ஆறுகளைத் திருப்பிவிட்டதில் வற்றிப்போன அந்தப் படுகையில், உப்புத் தூசி பறக்காமலிருக்க சாக்சவுல் என்ற பாலைவனப் புதர்ச்செடி நடுகிறார்கள். அவ்வளவு உப்பில் வேருக்குத் துணை யார் என்று பார்க்கத் தோன்றியது.

கையில் இருப்பது வேறொரு வற்றிய ஏரியின் மண், இரண்டு டப்பா. ஒன்று வெறும் உப்புப் பொருக்கு. மற்றது உப்பு மண்ணிலேயே வளரும் உமரிச் செடியின் வேரை உதறி எடுத்தது.

முதலில் 5, 10, 20 சதவீத உப்புப் போட்ட அகர் தட்டுகள் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டுகள்). வேரடி மண் 5 சதவீதத்தில் மூன்றாம் நாளே வெள்ளையும் இளமஞ்சளுமாகப் புள்ளி வைத்தது. 20 சதவீதத் தட்டுகளில் நான்கு வாரம் ஒன்றுமில்லை. தட்டு காய்ந்து உப்பு பூத்ததைப் பார்த்து இரண்டு தடவை ஏமாந்ததுதான் மிச்சம். தூக்கிப் போடலாம் என்றிருந்தபோது, பொருக்கு மண் தட்டின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு மூன்று ரோஜா நிறப் புள்ளிகள்! (மூடியைத் திறப்பதில்லை. என்ன வளர்கிறதென்று தெரியாததை வீட்டில் திறக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் பிளீச்சில் ஊறப்போட்டுவிடுவேன்.)

நிறத்தையும் உப்பளவையும் வைத்துப் பார்த்தால் அவை உப்பு விரும்பும் ஆர்க்கியாவாக (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி இனமான நுண்ணுயிர்கள்) இருக்க வேண்டும். அவை வெளியுப்புக்கு ஈடாகப் பொட்டாசியத்தை உள்ளே நிரப்பிக்கொள்ளும். உப்பு குறைந்தால் பலவும் உடைந்தே போகும். என் செடித் தொட்டிக்கு இந்தச் சூரர்களால் பயனில்லை. வேரடியில் இருப்பவை பெரும்பாலும் வேறு வழிக்காரர்கள்: உப்பை வெளியே தள்ளி, எக்டோயின், பீட்டெய்ன் மாதிரிப் பொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துக்கொள்ளும். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் சமாளிக்கும். சில பாக்டீரியா, செடி உப்பில் திணறும்போது சுரக்கிற எத்திலீன் என்ற, வளர்ச்சியைத் தடுக்கும் வாயுவின் மூலப்பொருளையே தின்றுவிடும்; வேர் முடங்காது.

சரி, செடியில் பார்க்கலாம் என்று பச்சைப்பயறு போட்டேன். லிட்டருக்கு 3 கிராம் உப்புக் கலந்த தண்ணீர். பாதித் தொட்டிகளுக்கு வேரடி மண் கரைசல். கரைசல் ஊற்றியவை தெளிவாக ஜெயித்தன. இரண்டு நாள் ஒரே குஷி. அப்புறம்தான் உறைத்தது: கரைசலில் நுண்ணுயிர் மட்டுமா இருக்கிறது, மண்ணின் சத்தும் இருக்கிறதே?

இரண்டாம் சுற்றில் கரைசலில் பாதியை பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வைத்தேன். வெறும் கொதி போதாது, பாக்டீரியாவின் சில உறங்கு வித்துகள் அதில் பிழைத்துவிடும். வகைக்குப் பத்து நாற்று. 14-ஆம் நாள் வேரைக் கழுவி அளந்தேன். உப்புத் தண்ணீர் மட்டும்: சராசரி 4.1 செ.மீ. வெந்த கரைசல்: 5.0. உயிருள்ள கரைசல்: 5.9. நான் நுண்ணுயிருக்குக் கொடுத்த பாராட்டில் பாதி வெறும் சத்துக்குரியது. மீதிப் பாதியையும் பத்து நாற்றை வைத்து நம்புவதற்கில்லை.

மூன்றாம் சுற்றில் வகைக்கு முப்பது. இந்த முறை தோட்ட மண் கரைசலும் சேர்கிறது. அதுவும் இதே அளவு உதவினால் உப்பு ஏரிக்குப் போனதே வீண். விதைகள் நேற்று முளைவிட்டன.