காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் பயமே ஆரம்பிச்சுது

எம்.ஏ. ரெண்டாவது வருஷம் நாங்க 14 பேரும் எங்க மேடமும் மலேசியா போனோம். பேராக் மாநிலத்துல ஈப்போவுக்கு வடக்க சுங்கை சிப்புட். அங்க பால் மரம் வெட்டின, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்த பாட்டிங்ககிட்ட பழைய தோட்டப் பாட்டு, ஒப்பாரியெல்லாம் ரெக்கார்ட் பண்ணணும்னு பிளான். 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த ஊர் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டுக் கொன்னதுலதான் மலாயாவுல அவசரகாலமே வந்துச்சு, மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் எம்.பி.யா இருந்த தொகுதியும் அதுதான்னு மேடம் கிளாஸ்ல சொல்லிச் சொல்லி எங்களுக்கு அந்த ஊர பாக்காமலே பிடிச்சுப் போச்சு.

2023 டிசம்பர் 1ல இருந்து நமக்கு 30 நாள் வரைக்கும் விசா வேணாம்னு ஆகியிருந்துச்சு, அந்த சந்தோஷத்துல டிராவல் இன்சூரன்ஸ் போடாம விட்டுட்டோம். ஆளுக்கு சில நூறு ரூபா மிச்சமாகும்னு பாத்தோம். இப்ப நினைச்சாலும் வயித்த பிசையுது.

ராத்திரி ஒம்பது மணிக்கு ரயில விட்டு இறங்கி, ஏஜென்ட் புக் பண்ணின ஹோம்ஸ்டேக்கு போனா உள்ள ஒரு கல்யாண வீட்டுக்காரங்க பாய் விரிச்சு படுத்திருக்காங்க, ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப், வீட்டு ஓனர் எனக்கு அப்படி ஒரு புக்கிங்கே வரலங்குறாரு. பெட்டியோட ரோட்டுல நின்னோம். எதிர்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்த அக்கா விசாரிச்சிட்டு யாருக்கோ போன் போட்டாங்க, அரை மணி நேரத்துல தோட்டத்துல இருந்து ரெண்டு வேன் வந்துச்சு. பசங்களுக்கு மாரியம்மன் கோயில் மண்டபம். பொண்ணுங்களும் மேடமும் ஒரு ஆண்ட்டியோட லயத்து வீட்டுல, அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு. முப்பது வருஷம் பால் வெட்டினவங்க அவங்க. காலையில எழுந்ததும் "பசியாறிட்டீங்களா பிள்ளைங்களா"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த வார்த்தையில நேத்து ராத்திரி பட்டதெல்லாம் கரைஞ்சிருச்சு.

ரெண்டாம் நாள் எங்க ஜூனியர் பொண்ணுக்கு 103 டிகிரி காய்ச்சல். கண்ணுக்குப் பின்னாடி வலி, எலும்பெல்லாம் உடையுற மாதிரி வலின்னு அழுதா. நான்தான் பையில இருந்த ஐபுப்ரோஃபென் மாத்திரைய குடுத்தேன். கிளினிக் டாக்டர் கேட்டதும் என்னைத் திட்டினாரு, டெங்குவா இருந்தா அது ரத்தக்கசிவ கூட்டிரும், பாராசிட்டமால் மட்டும்தான் குடுக்கணும்னு. டெங்குவக் கண்டுபிடிக்குற என்எஸ்1 ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். அங்க டெங்குவ டிங்கின்னு சொல்றாங்க. கொசு கடிச்சு நாலுல இருந்து பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வருமாம், அப்படின்னா அவள கடிச்ச கொசு எங்க ஊர்க் கொசுதான். நாங்கதான் அந்தத் தோட்டத்துக்குள்ள நோயக் கொண்டு வந்திருக்கோம்னு புரிஞ்சப்ப எனக்கு ஆண்ட்டி முகத்தப் பாக்க முடியல. அவங்க ஒரு வார்த்தை சொல்லல, அலமாரியில இருந்து கொசுவலைய எடுத்து பகல்லயும் அவள உள்ள படுக்க வச்சாங்க. இந்த ஏடிஸ் கொசு பகல்ல கடிக்குறது, இங்க அவளக் கடிக்குற கொசு அப்புறம் இன்னொருத்தர கடிச்சா அவங்களுக்கும் வரலாம். அவங்க மகன் வீட்டுக்குப் பின்னாடி கிடந்த பழைய மங்கெல்லாம், அதான் ரப்பர் பால் பிடிக்குற கிண்ணம், ஒவ்வொண்ணா தண்ணியக் கொட்டிக் கவுத்து வச்சாரு.

தினமும் ரத்த டெஸ்ட். அஞ்சாம் நாள் காலையில காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு. எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம், ரொட்டி சானாய் வாங்கி வந்து சாப்பிட்டோம். ஆண்ட்டி மட்டும் சிரிக்கல. "சொரம் விட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்கம்மா, டிங்கியில அதுக்கப்புறந்தான் பாத்துக்கணும்"னாங்க. சாயங்காலம் வயித்த வலி, நிக்காத வாந்தி. அவங்க ஒரு நிமிஷம் யோசிக்கல, மகனோட காடியில, அதான் கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

பிளேட்லெட் 38,000ன்னு வந்துச்சு, சாதாரணமா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். ஆனா டாக்டர் அதவிட ரத்தம் கெட்டியாகுறதத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு. காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் ரத்தக்குழாய்ல இருந்து நீர் வெளிய கசிஞ்சு பிரஷர் விழுமாம், அந்த 24ல இருந்து 48 மணி நேரத்த தாண்டணும், சலைனும் அளந்துதான் ஏத்தணும்னாரு. வெளிநாட்டுக்காரங்க டெபாசிட் கட்டணும்னாங்க, எங்க எல்லாரோட பர்ஸையும் கவுத்தும் பத்தல. மீதி வெள்ளிய, அங்க ரிங்கிட் பணத்த அப்படித்தான் சொல்றாங்க, கோயில் கமிட்டிக்காரங்க கொண்டு வந்து கட்டினாங்க. ஊருக்கு வந்து மொதல் வேலையா அதத் திருப்பி அனுப்பினோம்.

மூணு ராத்திரி. அவ கண்ணத் தொறந்து பசிக்குதுன்னு சொன்னப்ப மேடம் வராந்தாவுல உக்காந்து அழுதுட்டாங்க.

பத்துப் பாட்டாவது ரெக்கார்ட் பண்ணணும்னு போனோம், கிடைச்சது மூணுதான். மூணாவது, கிளம்புறதுக்கு மொத நாள் ஆண்ட்டி வீட்டுலயே எடுத்தது, அவ கொசுவலைக்குள்ள படுத்திருக்கா, பக்கத்துல உக்காந்து தாலாட்டு பாடுறாங்க. நடுவுல பாட்ட நிறுத்திட்டு "தண்ணி குடிச்சியாம்மா?"ன்னு கேக்குறதும், இவ குடிச்சேன் ஆண்ட்டின்னு சொல்றதும் அதுல பதிவாயிருக்கு. ப்ராஜெக்ட்ல அத அப்படியேதான் குடுத்தேன், மேடமும் வெட்டச் சொல்லல.