செண்பகம் என்று கூப்பிட்டால்

“செண்பகம், கையை வெளியே நீட்டாதே!”

தென்காசி பஸ்ஸில் ஒரு தாய் அதட்டியதும் இரண்டு பேர் திரும்பினார்கள். சன்னலோரம் நான்கு வயதுச் சிறுமி. முன் இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஆச்சி.

ஆச்சி சிரித்தார். சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு நடுவிலிருந்து ஒரு பூவை எடுத்தார். மஞ்சள் போய்ப் பழுப்பேறி, இதழெல்லாம் சுருண்டிருந்தது. மணம் மட்டும் டீசல் வாடையை மீறிக்கொண்டு என் இருக்கை வரை வந்தது.

“இந்தா தாயி, நம் பெயர் இதுதான்.”

இந்தப் பக்கம் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன். குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே ஏறினால் செண்பகாதேவி.

வடமொழிச் சம்பகம்தான் மூலம் என்பார்கள். இருக்கட்டும். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்கு நடுவே ‘பெருந்தண் சண்பகம்’ என்று கபிலர் அன்றே இடம் போட்டுக் கொடுத்துவிட்டார். இனி அதை யார் எழுப்புவது?

(சண்பகம் என்று எழுதினால் எனக்கு ஏனோ மணப்பதில்லை. ‘செ’ போட்டால்தான் பூ.)

ஆலங்குளத்தில் ஆச்சி இறங்கிக்கொண்டார். சிறுமி பூவை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.