கப்பல் கடைசி: சுங்கை சிப்புட்டிலிருந்து பிள்ளைகளோடு கரீபியன் பயணம்

கரீபியன் கப்பல் பயணம் என்றதும் எல்லாரும் முதலில் திறந்து பார்ப்பது கப்பலின் காணொளியைத்தான். 20 தளம், நீச்சல் குளங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி 7,000 பேருக்கு மேல் ஏறக்கூடிய மிதக்கும் பட்டணம். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டும் படிவம் நான்கும் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அன்றைக்கே முன்பணம் கட்டச் சொல்லி நச்சரிப்பார்கள். கட்டாதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி நம்மூரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு வரிசையே தலைகீழ். முதலில் விசா, பிறகு மாதம், பிறகு தீவுகள், பிறகு அறை. கப்பல் கடைசி.

கரீபியன் கப்பல்களில் பெரும்பாலானவை மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனவெரல், சான் ஹுவான் ஆகிய துறைமுகங்களிலிருந்து கிளம்புகின்றன. எல்லாம் அமெரிக்க மண். சிங்கப்பூர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் அனுமதி) போதும் என்று நினைத்துவிடக்கூடாது. மலேசியக் கடப்பிதழுக்கு எஸ்டா கிடையாது. பி1/பி2 வருகையாளர் விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழையக்கூடியதாக. ஏனென்றால் அமெரிக்காவில் ஏறி, வேறு நாடுகளைத் தொட்டு, மறுபடி அமெரிக்காவில் இறங்குகிறோம்.

தலைக்கு ஒரு டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவம், தலைக்கு 185 அமெரிக்க டாலர். நான்கு பேருக்கு 740 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. 2025-இல் நிறைவேறிய ஒரு சட்டம் இதற்கு மேல் 250 டாலர் வாங்கவும் வழி செய்திருப்பதால், கட்டுகிற அன்றைய கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பிள்ளைகள் சின்னவர்கள்தானே என்று விட்டுவிட முடியாது. 2025 செப்டம்பரிலிருந்து 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பொதுவாக நேர்காணல் உண்டு. படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அப்பா அம்மாவுக்குத் தெரியாத இரண்டாவது கணக்கு இருப்பது வழக்கம்தான். அதைப் படிவம் நிரப்பும் முன்பே, திட்டாமல், கேட்டு வாங்கிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. கடப்பிதழில் பெயர் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று சாய்கோட்டோடு ஒரே வரியில் ஓடும். குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. விமான நிறுவனத்தின் பதிவுப் பக்கம் சாய்கோட்டை ஏற்காது, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் நகராது. ஆளுக்கு ஒரு மாதிரி பிரித்து எழுதினால் டிக்கெட்டில் ஒரு பெயர், கப்பல் பதிவில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று நிற்கும். விசா கைக்கு வந்ததும் அதில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று எப்படிப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்களோ அப்படியே விமானத்துக்கும் கப்பலுக்கும் பதியுங்கள். விசா முதலில் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேர்காணல் கோலாலம்பூரில், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். சுங்கை சிப்புட்டிலேயே இடிஎஸ் விரைவு ரயில் நிற்கிறது. ஆனாலும் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. கைப்பேசி, பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள், வெளியே வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் நிம்மதி. வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை: கூட்டு (சீட்டு) எடுத்த பணத்தையோ மாமாவிடம் கைமாற்றாக வாங்கியதையோ முந்தைய வாரம் மொத்தமாகப் போட்டு வைத்தால் அது பலமாகத் தெரியாது, கேள்வியாகத் தெரியும். ஆறு மாதமாகச் சம்பளம் ஏறி இறங்கிய கணக்கே மேல்.

கப்பலுக்கு முழுப் பணத்தையும் பெரும்பாலும் கிளம்புவதற்கு 90 நாள் முன்பே கட்டச் சொல்வார்கள். பண்டிகைக் காலப் பயணங்களுக்கு இன்னும் முன்னால். அந்தக் கெடு வருவதற்குள் விசா கையில் இருக்க வேண்டும். இடையில் இடம் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டண வகையை மட்டும் எடுங்கள். மலிவாகக் காட்டும் வகை பெரும்பாலும் திரும்பாத வகை.

அடுத்தது மாதம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. புயல் வந்தால் கப்பல் மூழ்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், அது புயலை விட்டு விலகிப் போய்விடும். ஆனால் நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த தீவு போய், வேறொரு துறைமுகமோ நடுக்கடலில் ஒரு நாளோ வரும். அதற்குக் கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

நம் பள்ளி ஆண்டு 2026-இலிருந்து மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரில் விழுகிறது. இது பெரிய வசதி. நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் முடிந்து கிறிஸ்துமஸ் தொடங்கும் வரை அங்கே பள்ளிகள் நடக்கும், அந்த இரண்டு மூன்று வாரம் கட்டணம் இறங்கியிருக்கும், புயல் பருவமும் முடிந்திருக்கும். கிறிஸ்துமஸ் வாரமும் புத்தாண்டு வாரமும்தான் ஆண்டிலேயே விலை உச்சம். குறையும் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால் கப்பலின் இளையோர் மன்றத்தில் கூட்டம் குறைவு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அது நல்லதாகவும் படலாம். படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் ஆண்டு என்றால் பேச்சே வேண்டாம், தேர்வு டிசம்பருக்குள்ளும் நீளும்.

தீவுகளைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. மயாமியிலிருந்து ஏழு இரவு ஓடும் கப்பல்கள் பெரும்பாலும் நாசாவ், கொஸுமேல், ஜமைக்கா, கிராண்ட் கேமன் பக்கம் போகும், அல்லது செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன் பக்கம். கடற்கரை, பவளப்பாறை, கடைத்தெரு. நாசாவில் துறைமுகத்திலிருந்து நடந்தே போய் அடிமைகள் பாறையைக் குடைந்து வெட்டிய ராணிப் படிக்கட்டைப் பார்த்துவிடலாம், கைடு வேண்டாம். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரை ஒதுங்காது. சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள், அதற்கே வரிசையில் நேரம் போகும்.

ஆனால் தோட்டப்புறத்திலிருந்து போகிற தமிழ்க் குடும்பம் பார்க்க வேண்டியது இன்னும் தெற்கே இருக்கிறது: குவாதலூப், மார்த்தினிக். பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றிய முதல் கப்பல் 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் இறங்கியது. பலர் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகப் போன தமிழர்கள். இங்கே நம் பாட்டனார் காட்டை அழித்துப் பால்மரம் (ரப்பர்) நட்டதற்கு முன்பே அங்கே அவர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மொழி பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் முத்துசாமியும் ராமசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கிறார்கள். மாரியம்மன் ‘மாலியேமன்’ ஆகிவிட்டாள். குவாதலூப்பின் காப்பெஸ்தேர் பகுதியில், ஷாஞ்சி என்ற இடத்தில் சாலையோரமாகவே கோயில் இருக்கிறது. பாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்திலிருந்து டாக்சி பிடித்து அரை நாளில் போய் வரலாம். சந்தையில் ‘கொலோம்போ’ என்று ஒரு மசாலாத் தூள் விற்பார்கள். மல்லி, மஞ்சள், கடுகு மணக்கும். முகர்ந்து பார்த்தால் யார் வீட்டு அம்மி என்று தெரிந்துவிடும். ‘நாம் ஏன் தோட்டத்துக்கு வந்தோம்’ என்று பாடப் புத்தகத்தில் படித்துக் கொட்டாவி விட்ட பிள்ளைக்கு இது வேறு மாதிரி விளங்கும். இந்தத் தீவுகளைத் தொடும் ஏழு இரவுப் பயணங்களுக்குச் சான் ஹுவானிலிருந்து கிளம்பும் கப்பல்களின் அட்டவணையைப் பாருங்கள். எல்லா வாரமும் ஒரே தீவுகள் வராது, ஒவ்வொரு தேதியாகப் பார்க்க வேண்டும்.

தெற்கே போகும்போது ஒரு பொறி. கொலம்பியாவின் கார்த்தஹேனா, பனாமா, டிரினிடாட் இவையெல்லாம் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் உள்ளவை. அங்கே இறங்கிவிட்டு ஆறு நாளுக்குள் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஊர் திரும்பும்போது போட்டுக்கொள்ள முடியாத ஊசி அது. இன்னொன்று உடை: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டையையும் தொப்பியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும்தான்.

அறை. நான்கு பேரை ஒரே அறையில் போட்டால் மூன்றாம், நான்காம் ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இருவர் படுப்பது மேலேயிருந்து இறங்கும் பலகைக் கட்டிலில், குளியலறையோ ஒன்று. 15 வயதுப் பெண் பிள்ளையும் 13 வயதுத் தம்பியும் அப்பா அம்மாவும் ஏழு நாளும் காலையில் அந்த ஒரு கதவு முன்னால் நிற்பதை யோசித்துப் பாருங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை இரண்டை அடுத்தடுத்து எடுத்தால், பால்கனி அறை ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுவது உண்டு. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தனி அறையில் பதியப் பல நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருப்பதால், தாளில் ஒவ்வோர் அறைக்கும் பெரியவர் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு, ஏறியதும் வரவேற்பில் சொல்லி மறு அறைக்கும் சாவி அட்டை வாங்கிக்கொள்ளலாம். கப்பல் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு.

இப்போது கப்பலைத் தேர்ந்தெடுங்கள். பார்க்க வேண்டியது சறுக்கின் உயரத்தை அல்ல, இளையோர் மன்றம் வயதை எங்கே வெட்டுகிறது என்பதை. கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் 12 முதல் 14 வரை ஒரு மன்றம், 15 முதல் 17 வரை வேறு மன்றம். நார்வீஜியன் நிறுவனத்தில் 13 முதல் 17 வரை ஒரே கூட்டம். அக்கா தம்பி ஒரே இடத்தில் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களையே கேளுங்கள், பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’. முதல் இரவே போகச் சொல்லுங்கள். அன்றைக்கே சிநேகக் கூட்டங்கள் சேர்ந்துவிடும், மூன்றாம் நாள் போகிற பிள்ளை ஓரமாக நிற்கும்.

பிள்ளைகளின் அறை அட்டை உங்கள் கடன் அட்டையோடு சேர்ந்திருக்கும். விளையாட்டு இயந்திரம், குளிர்ந்த காப்பி எல்லாம் அதில் ஏறும். முதல் நாளே வரவேற்பில் தொகை வரம்பு போடலாம். ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை பிள்ளைகளுக்கும் முழுதாக உண்டு. ஒருவருக்கு நாளுக்கு 18.50 டாலர் என்றால் நான்கு பேருக்கு ஏழு நாளில் 518 டாலர். கைப்பேசி ஏறிய நிமிடத்திலிருந்து விமானப் பயன்முறையில் இருக்கட்டும். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்தால், நீங்கள் வாங்கிய ரோமிங் திட்டத்துக்குள் அது பெரும்பாலும் அடங்காது. நேரம் தானாக மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். தீவு நேரமும் கப்பல் நேரமும் ஒரு மணி வித்தியாசப்படலாம், கப்பல் ஓடுவது கப்பல் நேரப்படி. வெளியே தனியாக வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் பறக்க வேண்டும்.

சாப்பாடு பயப்படுகிற அளவுக்கு இல்லை. பல கப்பல்களில் பிரதான உணவுக்கூடத்தில் இந்தியச் சைவ உணவு கேட்டால் கிடைக்கும், முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லி வைத்தால் தினமும் வரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் குழம்பையும் சூப்பையும் கேட்டுவிட்டுத் தொடவும், சாறு மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். ஊறுகாய், மிளகாய்த் தூள் கொண்டுபோகலாம். கோழி, மாட்டிறைச்சிச் சாறு கலந்த நூடல்ஸ் பொட்டலம் அமெரிக்கச் சுங்கத்தில் போய்விடும். தண்ணீர் காய்ச்சும் கேத்தல், சோறாக்கும் சட்டி, மின்பாய்ச்சல் தடுப்புள்ள நீட்டிப்புக் கம்பி எல்லாவற்றையும் கப்பல் வாசலிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்குக் கைத்தேய்ப்பு ஜெல் சரியாக வேலை செய்யாது.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் போட வேண்டிய உடையையும் செருப்பையும் அதற்குள் வைத்துக் கட்டிவிட்டுத் தூக்க உடையோடு இறங்கும் பிள்ளை ஒவ்வொரு கப்பலிலும் ஒன்றாவது இருக்கும். விமானத்தை மதியம் ஒரு மணிக்கு முன்னால் போடாதீர்கள். போகும்போது கப்பலுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். டிசம்பரில் மயாமி நமக்கு 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது. வரும்போது டோஹா வழியோ இஸ்தான்புல் வழியோ எப்படி வந்தாலும் கிளம்பிய மறுநாளுக்கு அடுத்த நாள்தான் பெரும்பாலும் கேஎல்ஐஏ. அதன் பிறகும் சுங்கை சிப்புட்டுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது.