மொறிஸ் மைனரும் சைலென்சர் வெடியும்

அப்பா விட்டுச் சென்ற 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நிற்கிறது. 1098 சிசி எஞ்சின். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மாதக்கணக்கில் அதை வெளியே எடுக்கவில்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் ஒதுக்கீடு வந்தபின் மறுபடி ஓட்டத் தொடங்கினேன். அப்போதுதான் சைலென்சர் வெடிக்கத் தொடங்கியது.

வாசலில் நிற்கும்போது எஞ்சின் தையல் மெஷின் போல ஓடும். காலி வீதியில் ஆக்சிலேட்டரைப் பாதி மட்டும் அழுத்தி, அரை மிதியில் சீராகப் போனால், ஒரு கணம் இழுவை அறுந்து, பின்னால் டமார் என்று வெடிக்கும். தெஹிவளை மேம்பாலத்தில் முழுதாக அழுத்தி ஏறினாலோ வெடியே இல்லை. இந்த வேறுபாட்டில்தான் விடை இருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

கொழும்பில் எங்கள் தலைமுறைக்கு அந்தச் சத்தம் குண்டுகள் வெடித்த நாட்களை நினைவூட்டும். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒரு முதியவர் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டுக் குனிந்தார். சரிசெய்யும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் போன கராஜில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரைத் திறந்தார்கள். பெற்றோலைக் கூட்டினார்கள், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரைக் காதால் கேட்டபடியே திருப்பி வைத்தார்கள். வெடி அதிகமானது. பஞ்சிகாவத்தையில் புதிய பிளக், வயர், மூடி எல்லாம் வாங்கி மாட்டினேன். பலனில்லை.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் ஐயாவைக் கண்டேன். இளவயதிலிருந்தே இந்த எஞ்சின்களோடு வாழ்ந்தவர். பொனெட்டைத் திறக்கும் முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, வெடி முன்னாலா, பின்னாலா?"

காபரேற்றர் பக்கம் துப்பினால் பெற்றோல் குறைவு, கலவையை உள்ளே விடும் வல்வு சரியாக மூடாமை, பிளக் வயர் மாறியிருத்தல் போன்றவற்றைத் தேட வேண்டும். சைலென்சரில் வெடித்தால் எரியாத கலவை அங்கே போய்ச் சேர்கிறது என்று பொருள்: பிளக்கின் தீப்பொறி தாமதமாக வருகிறது, அல்லது இடையில் நின்று நின்று வருகிறது. புகைக்குழாய் மூட்டில் காற்று நுழைந்தாலும் வெடிக்கும். அதை முதலில் பார்த்தோம், இறுக்கமாகவே இருந்தது.

பிறகு என் கையாலேயே டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, சரிசெய்ய வைத்தார். பிளக்குகளைக் கழற்றி, முன்னால் ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருப்பது முதல் சிலிண்டர். நான்காவதின் ஒரு வல்வு மூட மற்றது திறக்கத் தொடங்கும் இடத்தில், முதலாவது பொறிக்குத் தயாராக இருக்கிறது. எஞ்சின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்தின் வெட்டும் டைமிங் மூடியின் பற்களும் அடிப்பக்கம் இருப்பதால், தரையில் படுத்து வெட்டில் வெள்ளைப் பெயின்ட் பூசினேன். பிளக் வயர்கள் 1-3-4-2 என்று இடஞ்சுழியாகச் சரியாகவே இருந்தன.

டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைதான் பொயிண்ட். அதன் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும்; இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் 0.009 காட்டியது. பொயிண்டைத் தள்ளித் திறக்கும் காமில் கிறீஸ் இல்லாமல் பொயிண்டின் குதி தேய்ந்திருந்தது. இடைவெளி குறைந்தால் பொயிண்ட் பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். ஆகவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. வரிசை மாறினால் செய்த வேலை வீண். புதுப் பொயிண்ட் போட்டு, டிஸ்ரிபியூட்டரின் வயர் முனைக்கும் பொடிக்கும் (உலோக உடலுக்கும்) இடையே 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கொடுத்தோம். குறி வந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தி, பல்பு எரியத் தொடங்கும் புள்ளிவரை டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினோம்.

ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அரை மிதியில் அதே வெடி. எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. ஐயா சோரவில்லை. காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வக்கியூம் குழாயைக் கழற்றி, காபரேற்றர் பக்க வாயை அடைத்து, "ஓட்டிப் பார்" என்றார். தெஹிவளை வரை போய் வந்தேன். இழுவை கொஞ்சம் மந்தம், வெடி ஒன்றுகூட இல்லை.

சும்மா ஓடும்போதும் முழு மிதியிலும் அந்தக் குழாயில் உறிஞ்சல் இல்லாத அளவுதான். அரை மிதியில் உறிஞ்சல் கூடி, பொயிண்ட் இருக்கும் தட்டைத் திருப்புகிறது. அப்படியானால் தட்டு அசையும்போது ஏதோ அறுகிறது. மூடியைக் கழற்றினோம். தட்டில் ஒரு முனையும் பொடியில் மறுமுனையுமாக, மின்தொடர்பு பார்க்கும் மீட்டரை வைத்துக்கொண்டு, ஐயா குழாயை வாயால் உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது; உறிஞ்சலுக்கு அசைந்து தட்டை இழுக்கும் டயபிரம் நன்றாகவே இருக்கிறது. மீட்டர் முள்ளோ துள்ளி விழுந்தது.

காரணம், தட்டைப் பொடியோடு இணைத்து எர்த் செய்யும் ஒரு விரல் நீளப் பின்னல் வயர். வெளியே துணி உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. கடற்காற்றில் மாதக்கணக்கில் நின்ற வண்டி வேறு. தட்டு திரும்பும்போது தொடர்பு விட, பொறி நிற்கிறது. எரியாத பெற்றோல் பின்னால் போகிறது. பொறி திரும்பியதும் சூடான குழாயில் அது வெடிக்கிறது. சாதாரண வயரைப் போட ஐயா விடவில்லை. விறைப்பான வயர் தட்டைப் பிடித்துக்கொள்ளும், விரைவில் மறுபடி ஒடியும். பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய டிஸ்ரிபியூட்டரிலிருந்து அதே வகைப் பின்னல் வயர் கிடைத்தது. காமில் துளி கிறீஸ் தடவி மூடினேன்.

இப்போது கல்கிசை வரை போய் வந்தாலும் வெடி இல்லை. பிளக்குகள் மட்டும் கரி பிடித்திருக்கின்றன. அந்தக் கராஜில் கூட்டிய பெற்றோல் இன்னும் குறையவில்லை. இந்த ஞாயிறு காபரேற்றரின் பிஸ்டனை இலேசாகத் தூக்கிப் பார்க்கப் போகிறேன். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். ஒரு கணம் மட்டும் கூடி இறங்கினால் சரி. பெற்றோல் வரும் ஜெட்டின் கீழுள்ள நட்டை, அதன் பக்கங்களில் ஒரு முகம் ஒரு முகமாகத்தான் திருப்ப வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.