கணக்கெடுப்பு மட்டும்தானம்மா

"இதை எழுதினா எங்களை எழும்பச் சொல்லுவினமோ தம்பி?" எண்டு, கடற்கரையில குருவிக் கூடு எண்ணி எழுதிக்கொண்டிருந்த என்னட்ட அந்தக் கருவாடு போடுற அம்மா கேட்டா. "கணக்கெடுப்பு மட்டும்தானம்மா" எண்டு நான் சொன்னன். அவ்வளவுதான். ஒருத்தரும் சத்தம் போடேல்ல, ஒருத்தரும் அழேல்ல, அவ திரும்பிப் போய் சாக்கில பரப்பியிருந்த சாளையைப் புரட்டத் தொடங்கீற்றா. ரெண்டு வருசமாச்சு, இன்னும் அந்த "மட்டும்" எண்டதை எங்கயிருந்து எடுத்தனான் எண்டு யோசிச்சுக் கொண்டிருக்கிறன்.

இடம் சொல்ல மாட்டன். கொக்கிளாய்க்கும் சுண்டிக்குளத்துக்கும் இடையில ஒரு முகத்துவாரம் எண்டு வைச்சுக் கொள்ளுங்கோ, மாரியில வெட்டி ஓடும், கோடையில மணல் மூடி வெள்ளை வெளேரெண்டு கிடக்கும்.

எனக்குச் சார்பா முதல் சொல்லவேண்டியது, அப்ப வெயில் ஏறத் தொடங்கீற்றுது. நான் எண்ணப் போன சின்ன ஆலா எண்ட கடற்குருவி இருக்கே, 50 கிராம் சொச்சம் நிறை, மஞ்சள் சொண்டு, நுனியில கறுப்பு, அது கூடெண்டு ஒண்டும் கட்டாது, மணலில நெஞ்சால ஒரு கிண்ணமளவு பள்ளம் போட்டு ரெண்டு, மிஞ்சினா மூண்டு முட்டை வைக்கும். முட்டையும் மணல் நிறம், காலை வைச்சாப் பிறகுதான் தெரியும். நாங்கள் உள்ளுக்க போனா எல்லாம் எழும்பிக் கத்தும், அந்த நேரம் முட்டை வெறும் வெயிலில கிடக்கும். தாய்க்குருவி இருந்தா நிழல் குடுக்கும், தண்ணியில வயித்தை நனைச்சுக் கொண்டு வந்து ஈரம் வைக்கிறதும் உண்டு, இல்லாட்டி அந்த மணலில முட்டை அவிஞ்சுபோகும். அதால விடியவே போய் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில வெளிய வரவேணும் எண்டது சட்டம். அண்டைக்கு நான் கூட்டுக்கு அடையாளமா வைக்கிற கடைசி ஐஸ்கிறீம் குச்சியை நட்டுக்கொண்டு இருந்தனான், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, அவசரத்தில வாயில வந்ததைச் சொன்னன். இப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக் கொள்ளுறது. ஆனா அவ கேட்டது நான் வெளிய வந்து, செருப்புக்க போன மணலைத் தட்டிக்கொண்டு நிண்டப்ப. அவசரம் முடிஞ்சிட்டுது. அதையும் சொல்லத்தான் வேணும்.

அவவோட எனக்கு நல்ல பழக்கம். முதல் நாள் நான் ஒரு முட்டையை பிளாஸ்ரிக் கப்பில தண்ணியில விட்டுப் பாத்துக்கொண்டிருக்க பின்னால நிண்டு சிரிச்சவ. புது முட்டை அடியில படுத்துக் கிடக்கும், நாள் போகப் போக நிமிரும், பிறகு மிதக்கும், அதை வைச்சு எப்ப வைச்சது, எப்ப பொரிக்கும் எண்டு கணிக்கிறது. "கூழ்முட்டை பாக்கிறதுக்கு கம்பஸில படிச்சனியோ மோனை" எண்டு கேட்டா. பிறகு பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டோட. உப்புக்கொத்தி எண்ட கரைக்குருவியைக் காட்டி, இது இவ்வளவு காலமும் வெளிநாட்டுக் குருவியின்ர ஒரு வகை எண்டு நினைச்சது, 2023இல ஆராய்ஞ்சு பாத்தா எங்கட இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் இருக்கிறது வேற இனமாம், அனுமான்ர பேர் வைச்சிருக்கினம் எண்டு சொன்னன். அவ கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப இனி அனுமாருக்கும் காணி விடவேணுமோ" எண்டா. நான் சிரிச்சனான். பகிடி எண்டுதான் அப்ப நினைச்சனான்.

வலை விசயம் அதுக்குப் பிறகு ஒரு கிழமை கழிச்சு. அவவின்ர வாடிக்கு, கரையில போடுற மீன் குடிலுக்கு, கிட்ட மூண்டு கூடு இருந்தது, மட்டுமட்டா இருபது அடி. அண்டைக்கு விடிய போய்ப் பாத்தா அந்த மூண்டையும் சுத்தி கம்பு நட்டு பழைய வலைத்துண்டு கட்டிக் கிடக்கு, முடிச்செல்லாம் வடிவாப் போட்டு, குருவி போய்வர கீழ இடைவெளி விட்டு. நாய் வந்ததாம், ராத்திரி நித்திரை இல்லையாம் அவவுக்கு. நான் என்ன செய்தனான் எண்டா, எல்லாத்தையும் பிடுங்கினன். காரணம் இருக்கு. கம்பு நட்டா காகம் வந்து குந்தும், மேல இருந்து பாத்தா முட்டை தெரியும், அதோட குஞ்சு வலையில கால் சிக்கிச் செத்துப்போகும். இதெல்லாம் சரியான காரணம், இப்பவும் பிடுங்கத்தான் செய்வன். ஆனா அவ வாடி வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தா, நான் முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாம கத்தியால வெட்டினன், வெட்டின வலையைச் சுருட்டி அவவின்ர கையில குடுத்தன். "உங்கட கணக்கெடுப்பில பிடுங்கிறதும் இருக்கோ" எண்டு கேட்டா. கோபமாக் கேக்கேல்ல.

அவிழ்த்திருக்கலாம். ரெண்டு நிமிசம் கூடப் போயிருக்கும்.

அண்டைக்குப் பின்னேரம் வந்து போர்ம் நிரப்பினன். அதில ஒரு நிரல் "அச்சுறுத்தல்கள்". நாய், காகம், வாகனத் தடம் எண்டு எழுதி, அடுத்ததா "மீன் உலர்த்துதல்" எண்டு எழுதினன். பொய்யில்லை. கருவாட்டுக் கழிவுக்குத்தான் காகம் வருது, நாய் வருது, அதுகள்தான் முட்டையைத் தின்னுது, இதை எழுதாம விட்டா நான் என்ன ஆராய்ச்சி செய்யிறன்? ஆனா அந்த ரெண்டு சொல்லு எண்டது ஒரு பொம்பிளை, ஒரு வாடி, நாலு சாக்கு. அவவின்ர பனங்கட்டி வாயில கரைஞ்சு முடியமுதல் அவவை நான் அச்சுறுத்தல் நிரலில போட்டிட்டன். "பாதுகாப்பு முயற்சிகள்" எண்டும் ஒரு நிரல் இருந்தது, அதில ஒண்டும் எழுதேல்ல. வலை கட்டினதை அங்க எழுதியிருக்கலாம் எண்டு பிறகுதான் ஓடிச்சுது. பிழையான பாதுகாப்பு எண்டாலும் பாதுகாப்புத்தானே, இல்லையோ தெரியாது.

இதில இன்னொரு சிக்கல் இருக்கு, அதை ஒபிஸில இருந்து வாறவைக்கு விளங்கப்படுத்த ஏலாது. கரையில நிண்டு இழுக்கிற கரைவலைக் காலமும் ஆலா முட்டை வைக்கிற காலமும் ஒண்டு. சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, வீசேக்க கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், சாளையும் நெத்தலியும் கரையண்டைக்கு வரும், முகத்துவாரம் காய்ஞ்சு திட்டாகும். அதுக்காகத்தான் குருவி வருது, அதுக்காகத்தான் அவையும் வாடி போடுகினம். "அந்த ரெண்டு மூண்டு மாதம் மட்டும் விலகி இருங்கோ" எண்டு மீட்டிங்கில லேசாச் சொல்லலாம், அந்த ரெண்டு மூண்டு மாதம்தான் அவைக்கு வருசம்.

மன்னாரில இராமர் அணைத் திட்டுகளுக்குப் போறது இதைவிட லேசு. அங்கயும் ஆலாக்கள் முட்டை வைக்குது, 2015இல தேசிய பூங்காவும் ஆக்கியாச்சு, நேவியிட்ட பெர்மிஷன் எடுத்துப் போனா கேள்வி கேக்க மனிசர் இல்லை. எங்கட பக்கம் அப்பிடி இல்லை. சுண்டிக்குளம் 1938இல சரணாலயம், 2015இல தேசிய பூங்கா. கொக்கிளாய் 1951இல சரணாலயம். அப்ப என்ர ஜிபிஎஸ் புள்ளியாலதான் எல்லாம் வந்தது எண்டு சொல்ல ஏலாது, நான் பிறக்க முதலே கோடு கீறியாச்சு எண்டு ஒரு வாதம் வைக்கலாம், வைச்சுமிருக்கிறன், என்ர கூட்டாளியிட்ட, ரெண்டு மூண்டு தரம். அவன் கேட்டான், "84இல சண்டைக்குள்ள ஊரை விட்டு எழும்பி, முப்பது வருசத்துக்குக் கிட்டக் கழிச்சு வந்த ஆக்களுக்கு 51 வர்த்தமானியைக் காட்டப் போறியோ" எண்டு. அவ அப்பிடி எழும்பின ஊர்க்காரிதான். வந்து பாத்தா வீட்டில பத்தை, கிணத்தில மண், பதிவுக்கு பேப்பர் இல்லை. அவவுக்கு ஒருத்தன் கொப்பியும் பேனையும் கொண்டு வந்து நிலத்தை அளக்கிறதெண்டா ஒரே கருத்துத்தான் இருக்கும். எனக்கு அது தெரியாமலில்லை. நானும் இந்த மண்ணில பிறந்தவன்தானே. தெரிஞ்சுகொண்டுதான் "மட்டும்" போட்டனான்.

அடுத்த வருசம் போனா சீமெந்துக் கல்லு நாலு நட்டுக் கிடக்கு, மஞ்சள் பெயின்ற். ஆர் நட்டது, எதுக்கு நட்டது எண்டு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை. என்ர ரிப்போட் அப்ப இன்னும் மேசையிலதான் கிடந்தது, அதை ஒருத்தரும் வாசிச்சிருக்கச் சான்ஸ் குறைவு, ஆராய்ச்சி ரிப்போட் வாசிச்சு ஆர் கல்லு நடுறது. அதால நான் தப்பீற்றன். ஆனா இப்பிடி ஒருத்தரும் வாசிக்காத ரிப்போட்டுக்காகத்தான் வலையை வெட்டினனான் எண்டும் வருது, அதையும் ஒரு பக்கம் வைக்க வேணும். அவவின்ர வாடி இல்லை. வாடி நிண்ட இடத்தில ஒரு கறுத்த வட்டம், அடுப்புச் சாம்பல். அவ தானா மாத்தினவவோ, மாத்தச் சொன்னவையோ தெரியேல்ல, பக்கத்து வாடிக்காரர் மருமகன் வீட்ட போனவ எண்டு சொல்லிச்சினம்.

குருவியும் இல்லை. அது ஆச்சரியமில்லை, சின்ன ஆலா வருசா வருசம் ஒரே திட்டில நிக்கிற குருவியில்லை, மாரி வெள்ளம் மணலை எப்பிடி விட்டிட்டுப் போகுதோ அதைப் பாத்துத்தான் இடம் பிடிக்கும். வாடி போனதால குருவி வரேல்ல எண்டு எழுதினா அது விஞ்ஞானமில்லை. வாடியால குருவிக்கு அச்சுறுத்தல் எண்டு முதல் வருசம் எழுதினது மட்டும் விஞ்ஞானமோ எண்டு கேட்டா, அதுக்கு என்னட்ட பதில் இல்லை. நாலு கல்லிலயும் நாலு காகம் குந்தியிருந்தது, அதைப் படம் எடுத்தனான், ஒருத்தருக்கும் அனுப்பேல்ல.

போன மாசம் தெரியாத நம்பரில இருந்து கோல். அவதான், ஆரிட்டயோ நம்பர் வாங்கி. கருவாடு விலை சொன்னா, மகளுக்குப் பிள்ளை பிறந்ததைச் சொன்னா. பிறகு, "மோனை, உன்ர குருவியள் வந்திட்டுது. நிறைய நிக்குது, முட்டையும் கிடக்கு" எண்டா.

"எங்கயம்மா?" எண்டு என்ர வாய் உடன கேட்டிட்டுது.

அங்கால கொஞ்ச நேரம் காத்துச் சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு, "கொம்மா எப்பிடி, கால் நோ சுகமோ?" எண்டு கேட்டா.