நான் எடுத்த பயணச்சீட்டும் பவுல் ஏறிய கப்பலும்

ஊழியப் பயணம் முடித்துத் திரும்புகிறவர்கள் சபையில் சாட்சி சொல்லும்போது, வழியில் நேர்ந்த தடங்கல்கள் பெரும்பாலும் ஒரே விதமாக முடிவதைக் கவனித்திருக்கிறேன். விமானம் தவறியது, அதனால் காத்திருந்த இடத்தில் ஒருவரைச் சந்தித்தோம், அவருக்காக ஜெபித்தோம், ஆகவே விமானத்தைத் தவறவிடச் செய்தவர் கர்த்தரே. நானும் அப்படிப் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன், அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சென்ற பயணத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அந்த விமானம் தவறியதற்குக் காரணம் நான்.

நாங்கள் ஒன்பது பேர் சென்றோம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுப்பது எங்கள் பணி. (அங்கே ஊழியம் செய்கிறவர்களின் பாதுகாப்பைக் கருதி நாட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை.) பயணச்சீட்டு எடுக்கும் பொறுப்பு என்னுடையது. முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுத்தால் செலவு கூடுகிறது என்று, இரண்டு நிறுவனங்களில் இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தேன். ஒரே முன்பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறும்போது மாற்று விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்தையே சேரும். தனித்தனிச் சீட்டு என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் வராத பயணிகள், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததன்று. சபை மக்கள் கொடுத்த காணிக்கையை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டேன்.

முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. இறங்கியபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. ஒன்பது பேருக்கும் ஒரே விமானத்தில் இடம் இல்லை. நான்கு பேர் மறுநாள் இரவும், மற்ற ஐவர் அதற்கு அடுத்த நாளும் போகலாம் என்றார்கள். போதாக்குறைக்கு எங்கள் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. பயிற்சிக்கான பாடநூல்களும் படங்களும் அதில்தான் இருந்தன. குழுவில் மூத்தவரான அக்கா தம்முடைய இரத்த அழுத்த மாத்திரைகளையும் அதிலேயே வைத்திருந்தார்.

போதகர் ஐயா எங்களை ஒரு மூலையில் கூட்டி, ஊழியத்தைத் தடுக்கும் சத்துருவின் கிரியைகளைக் கடிந்து உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்; என் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் வரவில்லை. ஜெபம் முடிந்தபின் அவரிடம் தனியே சென்று, "ஐயா, இதில் சாத்தானுக்குப் பங்கு உண்டோ இல்லையோ, சீட்டை இப்படி எடுத்தது நான்தான்" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, அதையும் ஜெபத்தில் சொல்லிவிடுவோம். முதலில் பெட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வா" என்றார்.

அந்த இரவு உட்கார்ந்தபடியே விழித்திருந்தபோது, அப்போஸ்தலனாகிய பவுல் தம் பயணத் தடைகளைப் பற்றி வேதத்தில் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று தேடிப் படித்தேன். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் தடைபண்ணினார் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்லுகிறது. தெசலோனிக்கேயரிடம் வர விரும்பியபோது சாத்தான் தடைபண்ணினான் என்று அவரே எழுதுகிறார். ரோமருக்கு எழுதும்போதோ, வேறு இடங்களில் சுவிசேஷப் பணி மிகுதியாக இருந்ததால் வர முடியவில்லை என்கிற அளவில் நிறுத்திக்கொள்ளுகிறார். ஒரே மனிதர், மூன்று தடைகள், மூன்று வெவ்வேறு காரணங்கள். எல்லாத் தடைகளுக்கும் ஒரே விளக்கத்தை ஒட்டும் அவசரம் அவருக்கு இல்லை.

நான்காவது வகை ஒன்று அப்போஸ்தலர் 27இல் இருக்கிறது, அன்றிரவு என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான். ரோமுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட பவுலும் வழியில் கப்பல் மாறியவரே. லீசியா நாட்டு மீறாப் பட்டணத்தில் இத்தாலிக்குப் போகும் அலெக்சந்திரியாக் கப்பலில் அவரை ஏற்றினார்கள். உபவாச நாள் கடந்து கடல் ஆபத்தாகும் காலம் வந்துவிட்டதால், பயணத்தைத் தொடர்ந்தால் சேதம் வரும் என்று அவர் எச்சரித்தார். அவரைக் காவலில் கொண்டுபோன படை அதிகாரியாகிய நூற்றுக்கு அதிபதி பவுலின் சொல்லைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். குளிர்காலத்தைக் கழிக்க, வழியில் ஒதுங்கியிருந்த துறைமுகம் வசதிப்படாது என்பது அவர்கள் கணக்கு. அதாவது, அந்தப் பெருஞ்சேதத்தின் தொடக்கம் ஒரு சாதாரண மனிதக் கணக்கு. என் கணக்கைப் போலவே.

கப்பல் புயலில் சிக்கியபோது தேவதூதன் பவுலிடம் வந்து சொன்ன வாக்கு அந்தக் கணக்கை ரத்து செய்யவில்லை. உயிர்கள் தப்பும், கப்பல் தப்பாது என்பதே அந்த வாக்கு. 276 பேரும் கரை சேர்ந்தார்கள், கப்பலோ உடைந்தது. இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இடையில் வரும் ஒரு நிகழ்ச்சி. நங்கூரம் போடுவதாகப் பாசாங்கு செய்து மாலுமிகள் படவை இறக்கித் தப்பியோடப் பார்க்கிறார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்ற வாக்கைக் கையில் வைத்திருக்கும் பவுல், தேவன் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று அதிபதியிடம் சொல்லுகிறார், சேவகர்கள் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். பதினான்கு நாள் சரியாகச் சாப்பிடாதிருந்தவர்களைச் சாப்பிடச் சொல்லுகிறார். கரையேறிய பின்பு, மழையிலும் குளிரிலும், விறகு பொறுக்குகிறார். விரியன் பாம்பு கையைக் கவ்வியது அப்பொழுதுதான். பிரசங்கங்களில் பாம்பைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன், விறகைப் பற்றிக் கேட்டதில்லை.

எங்கள் விறகு என்னவென்றால், பெட்டி வரவில்லை என்பதை விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தில் பதிவு செய்து எண் வாங்குவது, அக்காவின் மாத்திரையின் வேதிப்பெயரைத் தெரிந்துகொண்டு மருத்துவர் ஒருவரைத் தேடுவது, யார் முதலில் போவது என்று சண்டையில்லாமல் முடிவு செய்வது. கடைசியில் சொன்னதுதான் கடினமாக இருந்தது. அக்காவுக்கு மாத்திரை கிடைக்க மறுநாள் மதியம் ஆயிற்று. அதுவரை அவர் எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கோ அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயிற்சி மூன்று நாளாகச் சுருங்கியது. முதல் நாளே தொலைவிலிருந்து நடந்து வந்திருந்த சிலர் எங்களைக் காணாமல் திரும்பிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்களில் எவரும் பின்பு வரவில்லை. பாடநூல் இல்லாமல் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தோம், சுமாராக நடந்தது. பெட்டி கடைசிவரை வரவில்லை. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் ஒப்பந்தப்படி 21 நாள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம், கோரியிருக்கிறோம்.

இப்படித் தடம் மாறிய பயணங்களைப் பற்றிப் பேசும்போது மிஷனரி அதோனிராம் ஜட்சனை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்த அவரையும் அவருடைய மனைவி ஆனையும் கிழக்கிந்தியக் கம்பெனி தங்க விடவில்லை. மொரீஷியசுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து, 1813 ஜூலையில் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். பர்மாவுக்குச் சுவிசேஷம் சென்ற வழி அது என்று மகிழ்ச்சியோடு முடித்துவிடுகிறோம். அந்தக் கடைசிக் கப்பலில் ஆன் தம் முதல் குழந்தையை இறந்த நிலையில் பெற்றெடுத்தார் என்பதையும், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 வரை காத்திருந்தார்கள் என்பதையும் விட்டுவிடுகிறோம். அவற்றை விட்டுவிட்டுச் சொல்லும்போது கதை அழகாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எவற்றின் நடுவே தேவனை நம்பினார்கள் என்பது அதில் மறைந்துபோகிறது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். சீட்டைப் பற்றியும், திரும்பிப்போன ஆசிரியர்களைப் பற்றியும், அக்காவின் மாத்திரையைப் பற்றியும் உள்ளபடி சொன்னேன். அந்த ஆசிரியர்கள் ஏன் வெறுங்கையாய்த் திரும்ப வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்றும், அவர்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா அருகில் வந்து, அடுத்த பயணத்துக்கும் சீட்டு எடுப்பது நீதான் என்றார். வேறு யாரிடமாவது கொடுங்கள் ஐயா என்றேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்று இரவு எடுத்து முடித்தேன். ஒரே முன்பதிவு எண், இடையில் ஆறு மணி நேரம். மாத்திரைகளைக் கைப்பையில் வைக்கும்படி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்; ஏற்கெனவே வைத்துவிட்டதாகப் பதில் வந்தது.