அதை நோட்டில் ஏற்ற வேண்டாம்

கோச் கண்டிப்பாக இல்லாவிட்டால் ஃபுட்பால் டீமில் ஒழுங்கு நிற்காது என்று நம்புகிறவன் நான். டீம் மேனேஜர் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நம்புவார்கள். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் ரூமில் இல்லை, சாப்பிடும்போது யார் போனை நோண்டினார்கள் என்று பார்த்துக் குறித்து வைப்பதெல்லாம் எங்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் 2023 ஜனவரியில் ஒரு வெளியூர் மேட்சை ஒட்டி நடந்ததை நினைக்கும்போது, அந்த நம்பிக்கை ஒரு நாள் உறுதியாக நிற்கிறது, ஒரு நாள் ஆட்டம் காண்கிறது.

மேட்சுக்கு முந்தின ராத்திரி பத்தரைக்கு எல்லோரும் ரூமில் இருக்க வேண்டும். எங்கள் எட்டாம் நம்பர் ஜெர்சிக்காரர், நடுவில் ஆடுகிறவர், பன்னிரண்டு தாண்டித்தான் லாபிக்குள் வந்தார். குடித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், தலையை லேசாக ஆட்டினார், லிஃப்டுக்குள் போய்விட்டார். காலையில் டிபன் சாப்பிடும்போது கோச்சிடம் சொன்னேன். அவர் மலையாளி, ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். தட்டிலிருந்து நிமிராமலே, "தம்பி, அதை நோட்டுல ஏத்த வேண்டாம்" என்றார்.

"சார், இது முதல் தடவை இல்ல."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அவர் காபி எடுக்க எழுந்து போய்விட்டார்.

நோட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சீசனுக்கு முன்னால் கேம்ப்பில் கேப்டனும் சீனியர்கள் நாலு பேரும் உட்கார்ந்து எழுதிய ஃபைன் பட்டியல் அதன் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும், கீழே எல்லா ப்ளேயர்களின் கையெழுத்தும் இருக்கும். 2019இல் லாம்பார்ட் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் கோச்சாக இருந்தபோது போட்ட பட்டியலின் போட்டோ வெளியே வந்ததே, டிரெயினிங்குக்கு லேட்டாக வந்தால் 20,000 பவுண்ட், டீம் மீட்டிங்கில் போன் அடித்தால் 1,000 பவுண்ட் என்று, அதைப் போனில் வைத்துக்கொண்டுதான் எங்கள் பசங்களும் எழுதினார்கள். பஸ்ஸுக்கு லேட் என்றால் ஆயிரம் ரூபாய். ராத்திரி நேரம் தப்பினால் ஐயாயிரம், இரண்டாவது தடவை அந்த மேட்சுக்கு ஸ்குவாடில் இடம் கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னவரே எட்டாம் நம்பர்தான். அவருடைய முதல் ஐயாயிரம் நவம்பரிலேயே ஏறிவிட்டது.

ஆக, கோச் சொன்னதற்கு ஒரு நேரடி அர்த்தம் இருக்கிறது. நான் ஏற்றினால் அவர் அன்றைக்கு ஆட முடியாது. நடுவில் அவர் இல்லாமல் எங்களுக்கு ஆட்டமே கிடையாது. கோச்சுக்கு மூன்று பாயின்ட் வேண்டும், அவ்வளவுதான். பல நாள் நான் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன், கோபம் வரும் நாட்களில் இப்போதும் இப்படித்தான் தோன்றுகிறது.

அன்றைக்கே மதியம் பஸ் இரண்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். எங்கள் லெஃப்ட் பேக் பையன், அதாவது டிஃபென்ஸில் இடது பக்கம் ஆடுகிறவன், வியாசர்பாடிக்காரன், பத்தொன்பது வயது, பாதிப் படியில் நின்று "அண்ணா, ஷின் கார்டு ரூம்லயே விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். திரும்பி வரும்போது நாலு நிமிஷம் கூடிவிட்டது. கோச் முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாத எதையும் நான் எழுதுவேன். எழுதினேன். பையன் என் பக்கத்து சீட்டுக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

"அண்ணா, நேத்து ராத்திரிக்கு எழுதினீங்களா?"

ராத்திரி யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது ஒரு டீம் ஹோட்டலில் ரகசியமாக இருக்காது. "அது கோச் முடிவு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "ராஷ்ஃபோர்டையே உட்கார வெச்சாங்களேண்ணா" என்றான்.

அது நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 2022 டிசம்பர் 31, வுல்வ்ஸ் மேட்ச். தூங்கிப்போய் டீம் மீட்டிங்குக்கு லேட்டாக வந்தார் என்று மான்செஸ்டர் யுனைடெட் கோச் டென் ஹாக் ராஷ்ஃபோர்டை முதல் பதினொன்றில் சேர்க்கவில்லை. அப்போது அந்த டீமிலேயே நல்ல ஃபார்மில் இருந்தவர் அவர். இரண்டாம் பாதியில் இறங்கி அவரே கோல் போட்டார், 1-0. எங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. தப்பு செய்தால் யாராக இருந்தாலும் தண்டனை, தண்டனை முடிந்தால் திரும்பவும் இடம். எந்த டீம் மேனேஜரும் ஆசைப்படுவது இதற்குத்தான். பையன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் பிற்பாடு அதே டென் ஹாக், அதே கிளப். 2023 செப்டம்பரில் சான்சோ என்ற ப்ளேயரின் டிரெயினிங் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், அது உண்மையில்லை என்று சான்சோவும் வெளிப்படையாகவே எழுதினார், மன்னிப்புக் கேட்கும்வரை மெயின் டீமோடு சேரக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். நாலு மாதம் அப்படியே போய், ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். அங்கே அவர் 2024 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் ஆடினார். அந்த அக்டோபரில் டென் ஹாக்குக்கே வேலை போனது. கண்டிப்பு ஒருவரிடம் எடுபட்டது, இன்னொருவரிடம் எடுபடவில்லை. பையனிடம் இதைச் சொல்லியிருக்கலாம் என்றால், பஸ்ஸில் அவன் கேட்ட அன்றைக்கு இது நடக்கவே இல்லை. நடந்திருந்தாலும் அவன் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவன் கேட்டது கண்டிப்பு வேலை செய்யுமா என்று அல்ல, தனக்கு மட்டும் ஏன் என்றுதான்.

நான் சும்மா ஒதுக்கிவிட முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அப்போது எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. எனக்கும்தான், கிட்மேனுக்கும்தான். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு காண்ட்ராக்டை முறித்துக்கொள்ளலாம் என்று 2018இல் இருந்து ஃபிஃபா விதியே இருக்கிறது. ஆனால் சீசன் நடுவில் முறித்துக்கொண்டு எங்கே போவது? வேறு இடம் தயாராக இருப்பவனுக்குத்தான் அந்த விதி உதவும், எங்கள் டீமில் அப்படி இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர். எட்டாம் நம்பர் அன்று ராத்திரி வேறொரு கிளப்பின் ஆளைப் பார்க்கப் போனார் என்று சீசன் முடிந்த பிறகு ஃபிசியோ சொன்னார். ஜனவரி, ப்ளேயர்கள் கிளப் மாறக்கூடிய டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்திருந்த நேரம். உண்மையா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. உண்மையென்றால், கோச்சுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம்.

அப்படிப் பார்த்தால் கோச் அன்று காலையில் சொன்ன "அதனாலதான்" வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சம்பளமே வராதவரிடம், வராத சம்பளத்தில் ஐயாயிரம் பிடித்தோம் என்று நோட்டில் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்? அவர் போகாமல் சீசன் முழுக்க எங்களோடுதான் இருந்தார். கோச் அன்று அவரை உட்கார வைத்திருந்தால் மறுநாளே போயிருப்பார் என்று நான் நினைக்கிறேன். கிளப் தன் வாக்கைக் காப்பாற்றாத இடத்தில், ப்ளேயர் மட்டும் தன் கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்க கோச்சுக்கு வாய் வரவில்லை. இதைத் தளர்ச்சி என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சரி, அப்படியென்றால் அந்தப் பையனுக்கும் அதே இரண்டு மாதம் பாக்கிதானே? அவனுடைய ஆயிரம் மட்டும் எப்படி நியாயம்?

இந்த இடத்தில் வந்து நான் நின்றுவிடுகிறேன், எத்தனை தடவை யோசித்தாலும். தளர்வான கோச் ஒழுங்கைக் கெடுப்பார் என்று பேசுகிறவர்கள் எப்போதும் பெரிய ப்ளேயரைத்தான் காட்டுகிறார்கள். கெடுதல் நடப்பது அவரிடம் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம். எங்கள் எட்டாம் நம்பர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நேரம் தப்பவில்லை. ஆனால் பிப்ரவரியில் சின்னப் பசங்க மூன்று பேர் டிரெயினிங்குக்கு மெதுவாக நடந்து வந்தார்கள், ஓடி வரக்கூட இல்லை.

எங்கள் கோச், மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கோச் பெர்குசனைப் பற்றி அடிக்கடி பேசுவார். கண்டிப்புக்குப் பெயர் போனவர்தானே, பெக்கம், ராய் கீன் மாதிரி பெரிய ப்ளேயர்களையே வெளியே அனுப்பியவர்தானே. ஆனால் 1995 ஜனவரியில் அவருடைய ப்ளேயர் கான்டோனா ரசிகர் ஒருவரை உதைத்து, எட்டு மாதத் தடை வாங்கி, இங்கிலாந்தில் இனி ஆட முடியாது என்று பாரிசுக்குப் போனபோது, அங்கேயே போய்ப் பேசி அழைத்துக்கொண்டு வந்ததும் அதே பெர்குசன்தான். அக்டோபரில் திரும்பி வந்தவர், அந்த சீசனில் லீக், எஃப்.ஏ. கப் இரண்டையும் வாங்கிக் கொடுத்தார், கப் ஃபைனலில் ஒரே கோல் அவருடையது. "எல்லாருக்கும் ஒரே அளவு கண்டிப்புன்னு எந்த நல்ல கோச்சும் இருந்ததில்ல தம்பி" என்பார் எங்கள் கோச். நான் அவரிடம் இத்தாலிக்காரர் ஆன்செலோட்டியைச் சொல்வேன். மென்மையான கோச் என்றால் அவரைவிட வேறு யார்? கோச்சாக ஐந்து சாம்பியன்ஸ் லீக். ஆனால் அதே மனிதரை ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப் 2017 செப்டம்பரில், பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யிடம் 3-0 தோற்ற மறுநாளே அனுப்பிவிட்டது. டிரெயினிங் போதவில்லை என்று சில ப்ளேயர்கள் அவருக்குத் தெரியாமல் தனியாகப் பயிற்சி செய்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அதாவது கண்டிப்பு வேண்டும் என்று ப்ளேயர்களே கேட்கும் டீமும் உண்டு. கோச் சிரித்துவிட்டு, "ரியல் மாட்ரிட்ல அவர் அப்படித்தானே இருந்தார், அங்க யாரும் கேக்கலயே?" என்பார்.

அன்றைக்கு மேட்ச் 2-1 ஜெயித்தோம், இரண்டாவது கோலுக்குப் பாஸ் கொடுத்தது எட்டாம் நம்பர். பையன் இறங்கவே இல்லை. ராத்திரி திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே கோச்சிடம் நோட்டை நீட்டினேன். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, பையனுடைய பெயர். கோச் அதைப் படித்தார், பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார், நோட்டை மூடித் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஜிபேயில் ஆயிரம் ரூபாய் வந்தது. அனுப்பியது எட்டாம் நம்பர். பையனின் பெயரைப் போட்டு "பஸ்" என்று குறிப்பு வேறு. பின்னால் திரும்பிப் பார்த்தேன், இயர்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், தூங்கினாரா என்று தெரியாது. பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பையனின் பெயருக்கு நேரே கட்டியாச்சு என்று எழுதினேன். பையன் கட்டாத பணம் பையன் பெயரில், தப்பு செய்தவர் கட்டிய பணத்துக்கு அவர் பெயர் இல்லை. நோட்டில் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது, கணக்கும் சரியாகத்தான் வருகிறது.

போன வருடம் கோச்சிடம் போனில் பேசியபோது இதைக் கேட்டேவிட்டேன். அவருக்கு அந்த ராத்திரி சரியாக ஞாபகம் இல்லை, அல்லது இல்லை என்றார். பையனுக்குக் கையெழுத்துப் போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. "அதையும் நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா அந்த நோட்டை அன்னைக்கே குப்பையில போட்டிருக்கணும். அப்புறம் உன் பேச்சை எவன் கேப்பான்?" என்றார். எனக்காகச் செய்தாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தோம், குரல்கூட உயர்ந்தது. இரண்டு பேருக்கும் எழுதியிருக்க வேண்டும், அல்லது சம்பளம் வரும்வரை யாருக்கும் ஃபைன் இல்லை என்று டீம் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். இரண்டாவதைச் சொல்லியிருந்தால் மேனேஜ்மென்ட் அவரை அந்த வாரமே அனுப்பியிருக்கும் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. சீசன் முடிவில் அனுப்பத்தான் செய்தார்கள், காரணம் என்று எழுதியது டீமில் ஒழுங்கு இல்லை என்பதை. பாக்கிச் சம்பளத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இப்போது நான் இருக்கும் கிளப்பில் கோச் ரொம்பக் கண்டிப்பு. ராத்திரி ஒவ்வொரு ரூமாகத் தட்டிப் பார்ப்பார், கேப்டனுக்கும் ஃபைன் ஏறும். நோட்டில் முக்கால்வாசிப் பக்கம் காலி, பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிறது. நான் நம்பியதுதான் சரி என்று இதைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே மாதம் ஐந்தாம் தேதி சம்பளமும் வந்துவிடுகிறது, எல்லோருக்கும், ஒரு நாள் தள்ளாமல். இதில் கோச்சின் கண்டிப்பால் வந்தது எவ்வளவு, சம்பளத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.